கல் என்று தொடங்கும் சொல்

முழங்கால் இரண்டிலும் யாரோ தணலை வைத்து ஊதுவதுபோல் எரிந்தது. ஒரு காலை மெல்லப் பின்னால் நீட்டினான். எலும்பு டக்கென்று சத்தம் போட்டது. மறுகாலை நீட்டப் பார்த்தான். அது மாட்டேன் என்றது. காலையில் மண்டி போட்டவன். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்ததில் பொழுது போனதே தெரியவில்லை.

"என்னண்ணே, சத்தம் இங்க வரைக்கும் கேக்குது?" என்றாள் கலவைக்காரி. வாசலுக்கு வெளியே தகரத்தடியில் நின்று மணலையும் சிமெண்டையும் புரட்டிக்கொண்டிருந்தாள். "உடைஞ்சது கல்லா, காலா?"

"கா... காலு."

"அப்ப பரவால்ல. கல்லுன்னா காசு குடுத்துல்ல வாங்கணும்."

அவன் சிரித்தான். சிரிப்பு மட்டும் அவனுக்குத் தடங்கலில்லாமல் வரும். சிரிப்பும் கெட்ட வார்த்தையும்.

தரைக்கல் பதிக்கிறவர்கள் நடுவில் அவனுக்கு 'மட்டம்' என்று பெயர். அவன் போட்ட தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், உருளாது. அதனால் வந்த பெயர். அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது என்பது வைத்தவர்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தலை நரைத்துப் பேரன் எடுக்கிற வயதில் இதற்கெல்லாம் யாரோடு சண்டைக்குப் போவது?

பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவனுக்கு வாய் திக்கும். 'க' வந்தால் சனியன் பிடித்ததுபோல் தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். வந்து சேர்ந்த தொழிலோ, கல், கலவை, கரண்டி, கயிறு என்று எல்லாமே 'க'வில் தொடங்கித் தொலைக்கிற தொழில். பாதி நேரம் கையைக் காட்டியே வேலை வாங்கிவிடுவான்.

இப்போது பதித்துக்கொண்டிருந்தது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் பின்கட்டில் ஓர் அறை. முன்பு உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த இடம். பெஞ்சுகளை அள்ளி வெளியே கொட்டி, சுவருக்கு வெள்ளையடித்து, படிப்பறை ஆக்கப்போகிறார்கள். வாசலுக்கு மேலே அவன் அப்பாவின் பெயரை எழுதப்போகிறார்கள். அப்பா இங்கேதான் தலை கறுப்பிலிருந்து வெள்ளையாகிறவரை கல்வியியல் பேராசிரியராக இருந்தார். ஆசிரியராகப் போகிறவர்களுக்கு வகுப்பில் எப்படி நிற்பது, எப்படிக் கேட்பது என்று சொல்லிக் கொடுக்கிற வேலை. ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. வீட்டின் முன்னறையில் இன்னொரு கல்லூரி நடந்தது. போன மழைக்காலத்தின் கடைசியில், சலவைத் துணியை மடித்துக்கொண்டிருந்தவர், ஒரு தலையணை உறையைக் கையில் பிடித்தபடியே போய்விட்டார். வருஷம் திரும்புகிறது. வருகிற சனிக்கிழமை இந்த அறையைத் திறந்து, இதிலேயே நினைவுக் கூட்டம்.

தரையை அவன்தான் போடவேண்டும் என்று முதல்வர் ஒற்றைக்காலில் நின்றார். "சார் பேர்ல அறை. சார் மகன் போட்ட தரை. வேற யார் கையும் படக்கூடாது" என்றாராம் கல்லூரிக் கூட்டத்தில். எல்லோரும் கை தட்டினார்களாம்.

அந்த முதல்வர் இப்போது குடையை மடக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அவனைவிட நாலைந்து வயது இளையவர், ஒல்லி. மழைக் குளிருக்குச் சட்டைக்கு மேலே ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார்.

மட்டம் அதையே பார்த்தான். இடது முழங்கையில் வேறு நூலில் போட்ட ஒட்டு. அந்த ஒட்டைப் போட்டது அப்பா. அம்மாவுக்குக் கண் மங்கிய பிறகு வீட்டில் ஊசி பிடித்தவர் அவர்தான்.

"அண்ணே, இப்பப் பதிச்ச கல்லுல கால் வைக்கலாமா?" என்றார் முதல்வர்.

மட்டம் வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

இந்த 'அண்ணே' அவனுக்கு எப்போதும் தொண்டையில் முள்ளாகக் குத்தும். சார் பிள்ளைகள்தானே நாங்களெல்லாம், அப்போ நீங்க எனக்கு அண்ணன்தானே என்று என்றைக்கோ ஒருநாள் அந்த ஆள் தானாகவே எடுத்துக்கொண்ட உறவு. யாரும் கொடுத்ததில்லை.

"சனிக்கிழமை வீட்டு சார்பா நீங்கதான் பேசணும்ணே."

மட்டம் ரப்பர் சுத்தியலால் கல்லின் ஒரு மூலையைத் தட்டினான். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். நீர்க்குமிழி நடுவில் வந்து நின்றது.

"நான் அந்தக் கதையைச் சொல்றேன். அது முடிஞ்ச உடனே உங்களைக் கூப்பிடறேன். பொருத்தமா இருக்கும்."

"எ... எந்தக் கதை?"

"அதாண்ணே, நீங்க வந்து கல்லு வேலைக்குப் போறேன்னு சொன்னது. சார் வருஷா வருஷம் புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு முதல் வகுப்புல அதைத்தான் சொல்வாரு. 'பேராசிரியர் வீட்டுப் பிள்ளை, அப்பன் எதிர்ல நின்னு கல்லு வேலைன்னு கேக்குறான். எத்தனை நாள் மனசுல வச்சுப் புழுங்கியிருப்பான். அவன் வாயில பாதி வரும்போதே எனக்குப் புரிஞ்சுபோச்சு. என் வாழ்க்கையில நான் ஒருத்தரை ஒழுங்கா காது கொடுத்துக் கேட்டது அன்னைக்குத்தான்'னு சொல்வாரு. சொல்லும்போது கண்ணு கலங்கிடும்."

கலவைக்காரி சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "அடேங்கப்பா" என்றாள்.

மட்டம் கரண்டியைக் கீழே வைத்தான். வாயைத் திறந்தான். "அது... அப்படி இல்ல. நான் அன்னைக்கு கே... க... க..."

முதல்வர் காத்திருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். தலையை ஒரு பக்கம் கொஞ்சம் சாய்த்தார். பேசுகிறவன் வாயைப் பார்க்காமல் புருவத்தைப் பார்த்தார். முகத்தில் அவசரம் இல்லை, இரக்கமும் இல்லை. அப்படியே அப்பா. அப்பா முன்னறையில் ஊரார் பிள்ளைகளுக்காகக் காத்திருந்த அதே நிற்பு, அதே கம்பளிச் சட்டைக்குள்.

மட்டத்துக்குக் காதுவரை சூடேறியது. இவன் யார், எனக்காகக் காத்திருக்க? என் அப்பனிடமிருந்து எடுத்துக்கொண்டு போனதை என் முன்னாலேயே வந்து எனக்குப் பிச்சை போடுகிறானா?

"க... கலவை காஞ்சுடும்" என்று முடித்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

"சரிண்ணே. நீங்க வேலையைப் பாருங்க." குடையை விரித்துக்கொண்டு முதல்வர் போனார்.

"நல்ல மனுஷன்ணே" என்றாள் கலவைக்காரி.

தடங்கலே இல்லாமல் ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்து விழுந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வீட்டுக்குப் போகும்போது மழை விட்டிருந்தது. அம்மா சமையலறை வாசலில் நாற்காலி போட்டுப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கண் சரியாகத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். ஒரு மணிகூடக் கீழே விழாது. மனைவி உள்ளே முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பாவோட க... கம்பளி..."

"கம்பளிச் சட்டையா? தம்பிகிட்ட குடுத்துட்டேன்டா. அலமாரியில பூச்சி அரிச்சிட்டுக் கிடந்துச்சு."

"என்கிட்ட ஒரு வா..."

"உன்கிட்ட கேட்டா மட்டும்? உனக்குத்தான் தோள் பத்தாதே. கல்லு தூக்கித் தூக்கி எருமை மாதிரி ஆயிட்ட. அந்தத் தம்பிக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு. போட்டுட்டு நின்னாரு பாரு, எனக்கு உங்கப்பாவே வந்து நிக்குற மாதிரி..." அம்மா பேச்சை நிறுத்திவிட்டுப் பட்டாணியைத் துழாவினாள்.

"ஞாயித்துக்கிழமைக்கு வேற என்னென்ன குடுத்தீங்க அத்தை?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள். முதல்வருக்கு அவள் வைத்த பெயர் அது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் அந்த ஆள் வாசலில் நிற்பதைப் பார்த்து வைத்த பெயர். "மூக்குக் கண்ணாடி, செருப்பு, அதெல்லாம் பொருந்துதான்னும் பாத்துடலாமே."

"வாயைக் கழுவு. அந்தத் தம்பி எவ்வளவு மரியாதையான பிள்ளை."

"மரியாதைக்கு என்ன குறைச்சல். வாராவாரம் வந்து, நம்ம வீட்டு மனுஷனை நம்மகிட்ட இருந்து கடன் வாங்கிட்டுப் போவாரு."

மட்டம் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். மனைவி சொன்னதில் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

அந்த ஆள் முதன்முதலில் வந்தது பயிற்சி மாணவனாக. அவனுக்கும் வாய் திக்கும். இவனைவிட மோசமாகத் திக்கும். ஆசிரியர் வேலைக்கு நீ எப்படிப்பா என்று எல்லோரும் கைவிட்ட பையனை அப்பா ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார். முன்னறையில் உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்பார். பிறகு பேசமாட்டார். கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடு, பிள்ளை பேசி முடிக்கிறவரை உன் வாய் உன்னுடையது இல்லை என்பதுதான் அவர் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த பாடம். வேலை முடிந்து சிமெண்டும் மணலுமாக வருகிற மட்டம் அடுத்த அறையில் படுத்துக்கிடப்பான். முன்னறையிலிருந்து பேச்சு கேட்காது. கேட்பது அந்த மௌனம்தான். டீ ஆறுகிற மௌனம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற மௌனம். பிறகு ஒரு சொல் முக்கி முனகி முழுசாக வந்து விழும். "ம்" என்பார் அப்பா. அந்த ஒரு 'ம்'முக்காக மட்டம் சுவரைக் காலால் உதைத்திருக்கிறான்.

ஏனென்றால் அவனுக்கு அது கிடைத்ததில்லை. அவன் வாயைத் திறந்து முதல் எழுத்து திணறும்போதே அப்பா மீதியை எடுத்துக்கொள்வார். "த... த..." என்றால் தண்ணீர் வந்துவிடும். "ப... ப..." என்றால் பள்ளிக்கூடத்தில் பணம் கேட்டார்களா என்று சட்டைப் பையில் கை போய்விடும். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வார். "நீ கஷ்டப்படுறதைப் பாத்துட்டு இருக்க முடியலடா" என்பார். கெட்ட அப்பனாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் காய்ச்சலில் கிடந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விடியவிடிய நடந்தவர். வீட்டில் எல்லோருடைய துணியையும் தானே தேய்த்து அடுக்கியவர். மருமகளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, பேராசிரியர் என்றும் பார்க்காமல், எவனோ ஒருவனுடைய மீன் வண்டியை மறித்து அதில் ஏற்றிக்கொண்டு போனவர். அப்படிப்பட்டவரிடம் எனக்காகக் கொஞ்சம் சும்மா இரு என்று எப்படிக் கேட்பது? அதைக் கேட்கவும் வாய் வேண்டுமே.

சாப்பிட்ட பிறகு மனைவி வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து அவன் முழங்காலில் வைத்தாள்.

"சனிக்கிழமை பேசப் போறீங்களா?"

அவன் தலையை ஆட்டினான். எந்தப் பக்கம் ஆட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"என்ன பேசுவீங்க?"

அவளிடம் அவனுக்கு அவ்வளவாகத் திக்காது. அவள் காத்திருக்கிறாள் என்று சொல்ல முடியாது. அவள் பாட்டுக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் ஒரு வார்த்தை முடிக்கறதுக்குள்ள நான் ரெண்டு வெங்காயம் உரிச்சிடுவேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். துணி ஆறியது. மறுபடி நனைத்தாள். இத்தனை வருஷமும் யாரிடமும் சொல்லாததை அவன் அந்த வெந்நீர் ஆறி ஆறிச் சுடவைக்கிற நேரத்தில் சொன்னான்.

பள்ளி இறுதித் தேர்வில் அவன் முதல்முறை தவறிவிட்டான். அந்த விடுமுறையில் பக்கத்து வீட்டுக் கல் பதிக்கிறவரோடு சும்மா போய்வந்தான். வாய்க்கு வேலை இல்லை, கைக்குத்தான் வேலை என்பதில் ஒரு நிம்மதி. அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடி எழுதினான். தேறிவிட்டான், மயிரிழையில்தான், ஆனாலும் தேறிவிட்டான். முடிவு வந்த சாயங்காலம் அப்பா துணி தேய்த்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்றான். நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த வாக்கியம் அது. அப்பா, நான் கல்லூரிக்கே போறேன்.

"அப்பா, நான் க... க... கல்..."

அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "கல்லு வேலைக்கே போறேன்னு சொல்ற. அதானேடா?"

அவன் வாய் திறந்தபடியே நின்றது.

"இதைச் சொல்லவா இவ்வளவு பயம்? எந்த வேலையும் மட்டமில்லடா. ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிட்டு என் பிள்ளைக்கு இல்லன்னு சொல்லுவேனா?" என்று அவனைக் கட்டிக்கொண்டார். தேர்வில் தவறிய பிறகு அவனைத் தொடாதவர் கட்டிக்கொண்டார். அவர் சட்டையில் சூடான துணியின் வாசனை. அழுதார். உள்ளே போய் அம்மாவிடம் சொன்னார். வெளியே போய்த் தெருவில் சொன்னார். மறுநாள் பெட்டியோடு ஒரு புது ரசமட்டம் வாங்கிக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தார். அதைத்தான் இன்றைக்கும் வைத்துக்கொண்டிருக்கிறான்.

மனைவி துணியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "காலேஜுன்னு சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"அதுவும் க... 'க' தானடி."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "அப்புறமாவது? மறுநாள்? அடுத்த வாரம்? படிக்கணும்னு ஒரு வார்த்தை..."

"கட்டிப் பி... பிடிச்சாருல்ல."

அவள் அவன் முழங்காலைத் துடைத்துவிட்டு எழுந்தாள். கதவுவரை போய்த் திரும்பினாள். "சனிக்கிழமை அதைச் சொல்லுங்க. அங்க வர்றதெல்லாம் மாமா பாடம் எடுத்த ஆளுங்க. பேசி முடிக்கற வரைக்கும் ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். உங்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது."

சனிக்கிழமை மழை ஓயவில்லை. ஈரக் குடைகளை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று பார்த்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் கழற்றினார்கள். புதுத் தரை பளபளத்தது. சுவரில் அப்பாவின் படம். ஓய்வு பெற்றவர்கள், நரை விழுந்தவர்கள், இந்த வருஷம் சேர்ந்த மாணவர்கள் என்று அறை நிறைந்து ஜன்னல் பக்கமும் நின்றார்கள். முன்வரிசையில் அம்மா. பக்கத்தில் மனைவி. மட்டம் கொஞ்சம் தள்ளி ஓரமாக உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்க்காமல் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிற கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். எனக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தார் என்றார் ஒருவர். என் பையனுக்குப் பெயர் வைத்தார் என்றாள் ஒருத்தி. நான் தப்பாகச் சொன்ன பதிலைக்கூட முடிகிறவரை கேட்டார் என்றார் ஒரு கிழவர், கேட்டுவிட்டு, 'இவ்வளவு தூரம் நம்பிக்கையா தப்பு சொல்றது ரொம்பக் கஷ்டம்யா, நீ பெரிய ஆளுதான்' என்றாராம் அப்பா. அறை சிரித்தது. மட்டம் சிரிக்கவில்லை. இத்தனை பேரா? இவ்வளவு நேரம் வைத்திருந்தாரா அவர் கையில்? இதையெல்லாம் வீட்டுக்கு வரும் வழியிலேயே செலவழித்துவிட்டா வந்தார்?

முதல்வர் எழுந்தார். அதே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை.

"முதல் நாள் சார் என் பேரைக் கேட்டாரு. நான் ஆரம்பிச்சேன். வெளியில மழை ஆரம்பிச்சு, பெஞ்சு, நின்னுபோச்சு. சார் அசையல. வகுப்பே அசையல. கடைசியில என் பேரை நான் சொன்னேன். என் பேரை முழுசா என் வாயாலேயே சொல்லி நான் கேட்டது அன்னைக்குத்தான்."

ஜன்னலோரம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு அவர் அந்தக் கதையைச் சொன்னார். பேராசிரியர் வீட்டுப் பிள்ளை, கல் வேலை, காது கொடுத்துக் கேட்ட அப்பா. எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனாலும் முதல்முறை கேட்பதுபோல் கேட்டார்கள். "அந்த அண்ணன் போட்ட தரையிலதான் இப்ப நாம உக்காந்திருக்கோம்" என்று முடித்து அவனைக் கை காட்டினார்.

மட்டம் எழுந்தான். முழங்கால் டக்கென்றது, அந்த அமைதியில் அது எல்லோருக்கும் கேட்டது. முன்னால் போய் நின்றான். மனைவி அவனையே பார்த்தாள்.

"எல்லாருக்கும் வ... வணக்கம். அப்பா நல்லவரு. அதுல சந்தேகம் இல்ல. ஆனா அன்னைக்கு... அவரு எதிர்ல நின்னு நான் சொல்ல வ... வந்தது..."

யாரும் இருமக்கூட இல்லை. அத்தனை பேரும் தலையைக் கொஞ்சம் சாய்த்து, அவன் புருவத்தைப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற கூட்டம். அறை முழுக்க அப்பா உட்கார்ந்திருந்தார். அவனுக்கு முதலில் பயமாக இருந்தது. பிறகு, தண்ணீருக்குள் கால் வைப்பதுபோல், மெல்ல அந்த மௌனம் அவனைத் தாங்கியது. இதுதானா? இதைத்தான் இத்தனை வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் கொடுத்துக்கொண்டிருந்தாரா? நன்றாகத்தான் இருக்கிறது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்போல இருக்கிறது.

"நான் சொல்ல வந்தது, க... க..."

மழை தகரத்தில் அடித்தது.

"க... கல்..."

வந்துவிட்டது. அடுத்த எழுத்து நாக்கின் நுனியில் இருந்தது. அதன் வடிவம்கூட அவனுக்குத் தெரிந்தது.

"கல்லு வேலை!" என்றாள் அம்மா.

முன்வரிசையிலிருந்து, தெளிவாக, பெருமையாக. பிள்ளை நாலு பேர் எதிரில் திணறுவதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாத குரல். அந்த அறையில் அப்பாவிடம் பாடம் படிக்காதவர்களில் அம்மாவும் ஒருத்தி.

பிறகு யாரோ கை தட்டினார்கள். அறை முழுக்கத் தட்டியது. அழுதுகொண்டே தட்டினார்கள். அந்தக் கிழவர் எழுந்து நின்று தட்டினார். நாக்கு நுனியில் இருந்த சொல்லை மட்டம் எச்சிலோடு விழுங்கினான். கும்பிட்டான். போய் உட்கார்ந்தான். மனைவி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் டீயும் பிஸ்கட்டும் எடுக்க வராந்தாவுக்குப் போனார்கள். அவன் மட்டும் அறையில் நின்று, நாற்காலிக் கால் பட்டு ஒரு கல்லில் விழுந்த கீறலைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல்வர் உள்ளே வந்தார்.

"அண்ணே, அவங்கதான் முடிச்சாங்க. நீங்க முடிக்கல."

மட்டம் நிமிரவில்லை.

"நம்மள மாதிரி ஆளுக்குத் தெரியும்ணே. சொல்லு வாயில நிக்கும்போது உதடு எப்படி இருக்கும்னு. 'கல்லு'ன்னு சொல்றதா இருந்தா நீங்க அங்கேயே முடிச்சிருப்பீங்க. அதுக்கு மேல ஏதோ இருந்துது." அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். தலையைச் சாய்த்தார். "சொல்லுங்க. நான் எங்கேயும் போகல."

இந்தச் சமயம் தாராளமாகச் சொல்லியிருக்கலாம். எதிரில் நிற்பவன் எவ்வளவு நேரமும் நிற்பான். அறை காலி. ஆனால் மட்டத்துக்குள் பழைய தீ இன்னும் எரிந்தது. அப்பனுக்காக வைத்திருந்த சொல்லை, அப்பனை எடுத்துக்கொண்டவனிடம் கொடுப்பதா? ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கம்பளிச் சட்டை போயிற்று. அம்மாவின் 'தம்பி'யும் போயிற்று. இது ஒன்றுதான் அவனிடம் மிச்சம். இதையும் அவிழ்த்துக் கொடுத்துவிட்டால் அடுத்த வருஷம் முதல் வகுப்பில் இதுவும் ஒரு கதையாகும். நன்றாகவே சொல்வான், எல்லோரும் அழுவார்கள்.

"ஒண்ணும் இல்ல" என்றான்.

முதல்வர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கம்பளிச் சட்டையைத் தலை வழியாகக் கழற்றினார். மடித்தார். இரண்டு கையாலும் நீட்டினார். "இ... இது உங்களுக்குச் சேர வேண்டியதுண்ணே. அம்மா குடுத்தப்பவே நான் வாங்கியிருக்கக் கூடாது." அவருக்கும் ஒரு சொல் சறுக்கியது.

மட்டம் அதை வாங்கவில்லை. முழங்கை ஒட்டை மட்டும் விரலால் ஒருமுறை தடவினான். நெருக்கமான தையல். "எனக்குத் தோள் பத்தாது. போ... போட்டுக்கோ. குளுருது" என்றான். முதல்முறையாக அந்த ஆளை ஒருமையில் சொன்னான். பாசத்திலா கோபத்திலா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

திரும்பும்போது அம்மாவைக் குடைக்குள் அணைத்துக் கூட்டிக்கொண்டு நடந்தான். தெருவோரம் சேறும் தண்ணீருமாக ஓடியது. மனைவி இரண்டடி பின்னால் வந்தாள். அம்மா அவன் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். கல் தூக்கிக் காய்த்த உள்ளங்கையைத் தன் விரலால் தடவிக்கொண்டே வந்தாள், பட்டாணி இருக்கிறதா என்று பார்ப்பதுபோல்.

"எப்படித் தட்டுனாங்க பாத்தியா? உங்கப்பா இருந்திருந்தா அழுதிருப்பாரு" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நான் சரியாத்தானடா சொன்னேன்?"

மனைவி பின்னால் நின்றுவிட்டாள். அவள் செருப்புச் சத்தம் நின்றது அவனுக்குக் கேட்டது.

"ஆமாம்மா" என்றான். அந்தச் சொல் திக்கவே இல்லை.

அம்மா நிம்மதியாகத் தலையை ஆட்டினாள். மழை வலுத்தது. குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தபடி அவன் நடந்தான். முழங்கால் ஒவ்வோர் அடிக்கும் எரிந்தது. ஒரு சொல் முடிகிறவரை வாயை மூடிக்கொண்டு எதிரில் நிற்பது: அப்பா ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு அவனுக்கு மட்டும் தராமல் போனது அது. அது இன்னும் பாக்கி.